கூட்டிப் பெருக்கிய களம்

கருக்களாச்சேரி அஞ்சுகத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி தெரேஸ், "அவ என்ன கவர்னர் பொண்டாட்டியா, எழுதறதுக்கு?" என்று கேட்டாள். இல்லைதான். கருவாடு விற்றுப் பிழைத்த பெண். எழுத உட்கார்ந்திருக்கும் நானும் பெரிய ஆள் இல்லை. பெயர் லெயோன். காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் கதாஸ்தர் என்கிற நில அளவை ஆபீசில் படம் வரையச் சேர்ந்தேன். அவன் போன பிறகு அதே மேசை நகரத் திட்ட ஆபீசுக்கு வந்தது, மேசையோடு நானும் வந்தேன். கோடு போடுவது, வர்ணம் பூசுவது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அஞ்சுகத்தின் பிழைப்பின் மேல் விழுந்த கோடு நான் போட்டது. வேறு யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். வேறு யாரும் எழுதப் போவதும் இல்லை.

அவளை வாயில்லாப் பூச்சி, பாவம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அஞ்சுகத்துக்கு வாய் காது வரைக்கும். நெத்திலியில் மண் இருக்கிறது என்று தெரேஸ் ஒரு தடவை சொல்லிவிட்டாள். "மண்ணுல காயாம ஒங்க வீட்டு மெத்தையிலயா காயும்?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றாள். நாங்கள் கத்தோலிக்கர்கள், வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்தான், அதுவும் அஞ்சுகத்தின் கருவாடுதான். அது அவளுக்கும் தெரியும், அந்தத் தைரியம்.

கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். அவள் தெருப் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. ரேஷன் கடையில் மை டப்பாவை நீட்டினால் அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கடைக்காரன் காதில் செருகியிருக்கும் பேனாவைக் கேட்டு வாங்குவாள். புருஷன் தர்மலிங்கம் கட்டுமரத்தில் போகிறவன், அதிகம் பேசமாட்டான். பேச வேண்டியதை எல்லாம் இவள் பேசிவிடுவதால் அவனுக்கு மிச்சம் இல்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். ஒரே மகள் நீலாயதாட்சியை நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

கருக்களாச்சேரியில் கடைசி வரிசை வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் அரை வேலி, அதாவது மூன்று ஏக்கருக்கு மேல், மணல் இருந்தது. அதுதான் கருவாட்டுக் களம். நாற்பத்திரண்டு பெண்கள் அதில் மீன் காயப்போட்டார்கள். பட்டா கிடையாது, சீட்டு கிடையாது. மாமியார் காயப்போட்ட இடத்தில் மருமகள் காயப்போடுவாள். யாருடைய இடம் எது என்று தெரிய, மூலைக்கு ஒரு உடைந்த பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பானைதான் அவர்களுக்குப் பட்டா. அஞ்சுகத்தின் இடத்துக்கு அடுத்த இடம் குஞ்சம்மாவுடையது. இருவரும் ஒரே வயசு, ஒரே வருஷம் வாக்கப்பட்டு வந்தவர்கள். ஒருத்தி நெரவிப் பக்கம் நெல்லுக்குக் கருவாடு மாற்றப் போனால் மற்றவள் இரண்டு பேர் மீனையும் புரட்டிப் போடுவாள், காக்காய் ஓட்டுவாள்.

எழுபத்து நாலில் ஊர் முழுக்க நில உபயோகக் கணக்கெடுப்பு என்று ஒன்று வந்தது. எந்த இடத்தில் வீடு, எதில் வயல், எது கடை, எது சும்மா கிடக்கிறது என்று மனை மனையாகப் பார்த்து எழுத வேண்டும். அதை வைத்து, இருபது வருஷத்துக்கு ஊர் எப்படி வளரலாம் என்று பெருந்திட்டம் போடுவார்கள். அதிகாரிகள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று கருக்களாச்சேரி நாட்டார் அமிர்தலிங்கத்துக்குச் சொல்லி அனுப்பினோம். நாட்டார் என்றால் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர். தர்மலிங்கத்துக்குச் சின்னையா முறை.

இந்தச் சமயத்தில் அஞ்சுகத்துக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின மாசம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் அவள் கூடையைக் காலால் தள்ளி இறக்கிவிட்டிருக்கிறான். நாற்றம் தாங்கவில்லை என்று உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்களாம். வாயாடி அஞ்சுகத்துக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. வெயிலில் வீடு வரைக்கும் நடந்தே வந்திருக்கிறாள். அதிகாரிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்த அவமானம்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது.

"வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போனா நமக்கு கரண்டும் வராது, தண்ணிக் குழாயும் வராது. களத்த சுத்தமா வச்சிக் காட்டணும்டி" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

குஞ்சம்மா மட்டும் தயங்கினாளாம். "மீனு காயற எடத்துல மீன எடுத்துட்டா அப்புறம் என்னத்தடி காட்டுறது?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

மூன்று நாள் வேலை. காய்ந்தும் காயாததுமாகக் கிடந்த மீனை எல்லாம் வீட்டுக்குள் அள்ளினார்கள். பாயைச் சுருட்டினார்கள், உப்புத் தொட்டிகளை உருட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். செதிலையும் குடலையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். கடைசியில், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று புதைத்து வைத்திருந்த பானைகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள் அஞ்சுகம். வெள்ளிக்கிழமை காலையில் களம் முழுக்கத் தண்ணீர் தெளித்து, நாற்பத்திரண்டு பெண்களும் சேர்ந்து கூட்டிப் பெருக்கி, நடுவில் சுண்ணாம்புப் பொடியில் பெரிய கோலம் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அதற்கப்புறம்தானே தெரியும்.

நானும் திட்ட ஆபீசின் உதவி அதிகாரி சிதம்பரநாதனும் போய் இறங்கினோம். சிதம்பரநாதன் வெளியூர்க்காரர், படித்தவர், யோக்கியர். லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் ஒருவேளை களம் தப்பியிருக்கும். கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்களே" என்று பாராட்டினார். அஞ்சுகம் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவர் கடலைப் பார்க்கப் போய்விட்டார். புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நான் கேட்டேன்.

"இந்த எடத்துல என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. சும்மாதான் கெடக்கு" என்றாள் அஞ்சுகம். சொல்லும்போதே, காட்டிக் கொடுத்துவிடாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினாள்.

எனக்குத் தெரியாதா? மூக்கு இருக்கிறது. எத்தனை தண்ணீர் தெளித்தாலும் மணலுக்குள் இறங்கிய மீன் வாடை போகாது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் தின்றது இந்த மண்ணில் காய்ந்ததுதான். ஆனால் அவள் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு நினைப்பு. வெயில் வேறு. அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டும். "காலி மணற்பரப்பு. உபயோகம் எதுவும் இல்லை என்று ஊரார் கூறுகின்றனர்" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டினேன். நாட்டார் கைநாட்டுக்காரர். அஞ்சுகம் முன்னால் வந்து, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். அந்தப் புத்தகத்திலேயே அழகான கையெழுத்து அதுதான்.

மறுநாளே மீனைத் திரும்பப் பரப்பிவிட்டார்கள். பிடுங்கிய பானைகளைப் புதைக்கும்போது உன் இடம், என் இடம் என்று ஒரு வாரம் சண்டை நடந்ததாம். அதன் பிறகு எல்லாம் அடங்கி, ஐந்து வருஷம் ஓடிப்போயிற்று. எழுபத்தேழு புயலில் அந்தக் களத்தில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு அதே பெண்கள் அதே இடத்தில் பானை புதைத்தார்கள். குழாயும் வரவில்லை, கரண்டும் வரவில்லை.

எழுபத்தொன்பதில் பெருந்திட்டத்தின் வரைவு தயாரானது. குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்கும் திறந்த வெளிக்கும் பச்சை. கருக்களாச்சேரிக் களத்துக்கு நான்தான் பச்சை பூசினேன். சிதம்பரநாதன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "காலியா கெடக்கிற கடற்கரையை இப்பவே பச்சை ஆக்கிடணும் லெயோன். இல்லேன்னா நாளைக்கு எவனாவது மனை போட்டு வித்துடுவான். மரம் வச்சா புயலுக்கும் தடுப்பு, நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் கடற்கரை மிஞ்சும்." அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது. அந்த இடம் காலியாக இருந்திருந்தால் அதைவிட நல்ல திட்டம் கிடையாது. இதை அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். தூரிகையைத் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

வரைவை ஆபீஸ் மாடியில் அறுபது நாள் மாட்டி வைப்பார்கள். ஆட்சேபணை இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நெரவியிலிருந்து இரண்டு மிராசுதார்கள் வந்தார்கள், கடைத்தெரு வியாபாரிகள் வந்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. வந்திருந்தாலும் பச்சையைப் பார்த்து என்ன புரிந்துகொண்டிருப்பார்கள்? ஐம்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. அஞ்சுகம் வாசலில் கூடையை இறக்கினாள். என்னால் அந்தக் கருவாட்டைப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கூடையின் மேல் துணியை இழுத்து மூடினாள். பிறகு, "இத அன்னிக்கே ஏன்யா சொல்லல?" என்றாள்.

"நீதானேம்மா சும்மா கெடக்குன்னு சொன்னே."

"நான் சொன்னா? வாரா வாரம் நீங்க திங்கிறது என்ன, வானத்துலேருந்தா விழுந்துச்சு?"

உள்ளே இருந்து தெரேஸ், "அவ கேக்குறது நியாயந்தானே" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாடு வாங்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் அஞ்சுகம் பிடித்தாள். நாட்டாரையும் குஞ்சம்மாவையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். சிதம்பரநாதன் எல்லாரையும் உட்காரச் சொன்னார். பழைய புத்தகத்தை எடுத்து, என் எழுத்தைப் படித்துக் காட்டி, கீழே இருந்த கையெழுத்தைக் காட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

தன்னுடையது இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நிரூபிக்க யாராலும் முடிந்திருக்காது. அஞ்சுகம் குனிந்து பார்த்தாள். "என்னுதுதாங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "லெயோன், அன்னிக்கு நாம போனப்ப அங்க கருவாடு காஞ்சுதா?"

ரிட்டயர் ஆக எனக்கு ஏழு வருஷம் இருந்தது. விசாரிக்காமல் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் சர்வீஸ் புத்தகத்தில் கறுப்புப் புள்ளி விழும். "இல்லை சார்" என்றேன். பொய் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அதைப் போல ஒரு ஈனத்தனத்தை என் வாழ்நாளில் நான் வேறு செய்ததில்லை.

ஆனால் சிதம்பரநாதன் கதவை முழுக்கச் சாத்தவில்லை. "வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வர்றேன். எத்தனை குடும்பம் காயப்போடுதுன்னு எண்ணி எழுதுவேன். இருபதுக்கு மேல இருந்தா பச்சையை எடுத்துட்டு மீன்களம்னு போட்டுடலாம்" என்றார். நாற்பத்திரண்டு பேர் இருக்கும் இடத்தில் இருபது என்ன பெரிய விஷயம். படியிறங்கும்போது அஞ்சுகம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமையே களத்தில் எள் போட இடம் இல்லையாம். வீட்டில் இருந்த மிச்ச மீதியைக்கூடக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் கரையில் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்த குஞ்சம்மாவின் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அந்த ஊரில் சாவு விழுந்தால் பிரேதம் எடுக்கிற வரைக்கும் ஒரு கட்டுமரம் கடலில் இறங்காது, களத்தில் ஒரு மீன் கிடக்காது. பரப்பியிருந்தாலும் அள்ளிவிட வேண்டும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் பாயைச் சுருட்டிவிட்டுக் குஞ்சம்மா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அஞ்சுகமும் சுருட்டினாள். சுருட்டிவிட்டு நேரே நாட்டார் அமிர்தலிங்கத்திடம் போனாள்.

"மாமா, பத்து மணிக்கு ஜீப்பு வருது. ஒரு மணி நேரம் பரப்பிட்டு எடுத்துடுறோம்."

"பொணத்த வச்சிக்கிட்டா? என்ன பேச்சு பேசற நீ?"

"எடம் போயிடும் மாமா."

"நாளைக்கி வரச் சொல்லி ஆள் அனுப்பு. அவங்களும் மனுசங்கதானே."

தர்மலிங்கம் சைக்கிளில் ஆபீசுக்கு வந்தான். நான் அவனைச் சிதம்பரநாதனிடம் கூட்டிப் போனேன். அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சனிக்கிழமை பைல் புதுச்சேரிக்குப் போயாகணும். நாளைக்குப் பூரா மீட்டிங். ஏற்கெனவே ரெண்டு தடவை தவணை வாங்கிட்டேன்" என்றார். கிளம்பினோம்.

களம் வெறிச்சென்று கிடந்தது. தெருவுக்குள் பறை அடித்துக்கொண்டிருந்தது. நாட்டார் வந்து, ஐயா, நாப்பத்திரெண்டு பேரு காயப்போடுறோம், இன்னிக்குச் சாவு என்று கைகூப்பிச் சொன்னார். சிதம்பரநாதன் ஒரு மணி நேரம் ஜீப் நிழலில் நின்றார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா சொன்னதை எழுத முடியாது பெரியவரே, பார்த்ததைத்தான் எழுதணும். போன தடவை சொன்னதை எழுதினதாலதானே இவ்வளவும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அஞ்சுகம் தெருவிலிருந்து வந்தாள். இடுப்பில் நெத்திலிக் கூடை, கக்கத்தில் பாய். தன்னுடைய பானைக்குப் பக்கத்தில் பாயை உதறிப் போட்டாள். மண்டியிட்டு மீனைப் பரப்ப ஆரம்பித்தாள். சாவு வீட்டிலிருந்து பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பறை நின்றுவிட்டது.

"அஞ்சுகம், பாயச் சுருட்டு" என்றார் நாட்டார்.

"மாட்டேன் மாமா."

"சுருட்டுங்கிறேன்."

"ஒங்களுக்கெல்லாம் சேத்துதான் பரப்பறேன். ஆளுக்கு ஒரு பாயி கொண்டாந்து போடுங்க. அவன் ஆவிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஒருத்தரும் அசையவில்லை. தலைவிரி கோலமாகக் குஞ்சம்மா தெருமுனையில் வந்து நின்றாள். அஞ்சுகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள், கை மட்டும் நிற்கவில்லை. சிதம்பரநாதன் பேனாவை எடுத்தார். அவர் எழுதியதை நான் பக்கத்தில் நின்று படித்தேன். ஒரு குடும்பம் மட்டும் பயன்படுத்துகிறது, அந்தக் குடும்பத்துக்கு நகர மார்க்கெட்டில் மாற்று இடம் தரலாம் என்று எழுதியிருந்தார். அவரால் முடிந்த நல்லது அது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மெதுவாகச் சொல்ல மனசு இல்லை. சாவுக் கட்டுப்பாட்டை மீறியதற்காக ஊர் அவளை ஒதுக்கி வைத்தது. கரையில் யாரும் அவளுக்கு மீன் கொடுக்கக் கூடாது, தர்மலிங்கத்தை எந்த மரத்திலும் ஏற்றக் கூடாது. மார்க்கெட்டில் இடம் கிடைத்தபோது, தனக்கு இடம் வாங்கிக்கொண்டு களத்தைக் காட்டிக் கொடுத்தவள் என்றும் பேச்சு வந்துவிட்டது. விற்க மீன் இல்லாதவளுக்கு மார்க்கெட்டில் இடம் எதற்கு? ஒரு மாசம் வெறும் மேடையில் உட்கார்ந்துவிட்டு அதையும் விட்டுவிட்டாள். தர்மலிங்கம் கோடியக்கரைக்குக் கூலிக்கு மீன்பிடிக்கப் போனான். முதல் வருஷம் வந்து போனான், அப்புறம் அங்கேயே தங்கிவிட்டான். ஒதுக்கல் ஆறு மாசம்தான். ஆனால் ஆறு மாசம் கழித்தும் குஞ்சம்மா அவளிடம் பேசவில்லை.

எண்பத்து மூன்றில் பூங்கா வந்தது. கம்பி வேலி, இரும்புக் கதவு, சிமெண்டு பெஞ்சு, இருநூறு சவுக்குக் கன்று. தோண்டும்போது வந்த பானை ஓடுகளைக் கூடை கூடையாக அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார்கள். நாற்பத்தொரு பெண்களும் நெரவி ரோட்டு ஓரத்தில் தாரில் மீன் காயப்போட ஆரம்பித்தார்கள். பாதியை லாரிச் சக்கரம் அரைக்கும், மீதியில் தார் ஒட்டும். முன்பெல்லாம் லாரி கொண்டுவந்து எடுத்துப் போகும் வியாபாரி நூகு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இதை வாங்குனா என் பேரு கெட்டுடும்மா" என்று நின்றுவிட்டார். ஒவ்வொருத்தியாகத் தொழிலை விட்டார்கள். கொத்து வேலை, வீட்டு வேலை என்று காரைக்காலுக்கு நடந்தார்கள்.

பூங்காவைக் கூட்ட ஆள் வேண்டியிருந்தது. அஞ்சுகத்தை எடுத்துக்கொண்டார்கள். நாகப்பட்டினத்துக்கு வந்துவிடச் சொல்லி மகள் கூப்பிட்டாள், இவள் போகவில்லை. சம்பந்தி வீட்டில் சோற்றுக்கு நிற்பதைவிட விளக்குமாறு பிடிக்கலாம் என்றாள். தினம் காலையில் அந்த அரை வேலி மணலையும் அவள் கூட்டினாள்.

ஒரு நாள் குஞ்சம்மா, வேலி பிய்ந்திருந்த மூலையில் நுழைந்து, தன் பழைய இடத்தில் ஒரு சின்னப் பாய் அளவுக்குக் காரப்பொடி மீனைப் பரப்பிவிட்டாள். காவல்காரன் பார்த்துவிட்டு அஞ்சுகத்தைக் கூப்பிட்டு, அதைக் கூட்டி அள்ளி வெளியே போடச் சொன்னான். நான் ஓய்வுபெறாத காலம் அது, மரக்கன்று எண்ண வந்திருந்தேன். அஞ்சுகம் விளக்குமாற்றோடு போய் நின்றாள். நாலு வருஷத்துக்கு அப்புறம் குஞ்சம்மா அன்றைக்குத்தான் அவளிடம் வாய் திறந்தாள்.

"கூட்டு. நல்லா கூட்டு. கூட்டறது ஒனக்குப் புதுசா?"

அஞ்சுகம் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். மீனைக் கையாலேயே பொறுக்கிக் கூடையில் போட்டு, மணல் உதறி, குஞ்சம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். குஞ்சம்மா அதைத் தொடவில்லை. சாயங்காலம் வரைக்கும் மீன் அங்கேயே கிடந்தது, கடைசியில் நாய் தின்றது.

நான் எண்பத்தாறில் ஓய்வுபெற்றேன். சிதம்பரநாதன் அதற்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார். உப்புக் காற்றில் இரும்புக் கதவு ஒரு பக்கம் விழுந்தது. சவுக்கில் பாதி பட்டுப்போயிற்று. பூங்காவுக்கு யாரும் வருவதில்லை. டாக்டர் நடக்கச் சொன்னதால் நான் மட்டும் பஸ் பிடித்துப் போய் நடந்தேன். டாக்டர் சொன்னது வீட்டுப் பக்கத்தில் நடக்கத்தான். எதற்கு அங்கே போனேன் என்று கேட்காதீர்கள்.

எண்பத்தெட்டு மாசியில் ஒரு காலை. பெருந்திட்டத்தைத் திருத்துகிறார்கள் என்று மறுபடியும் கணக்கெடுப்பு. என் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஆள்தான் வந்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, கூட்டிக்கொண்டிருந்த அஞ்சுகத்திடம் போனார். "இங்க என்னம்மா இருக்கு?"

"கருவாட்டுக் களம் இருந்திச்சு. நாப்பத்திரெண்டு பேரு. எழுதிக்குங்க."

"முன்னாடி இருந்ததுக்கு இதுல எடம் இல்லம்மா. இப்ப என்ன இருக்கோ அதத்தான் எழுதணும்." அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். பூங்கா, வேறு உபயோகம் இல்லை என்று எழுதிவிட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். "சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

அஞ்சுகம் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்க" என்றாள்.

"அப்ப கைநாட்டு வைங்க."

"கையெல்லாம் மண்ணு" என்று சொல்லிவிட்டு, குனிந்து கூட்டிக்கொண்டே கடல் பக்கமாகப் போய்விட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "சார், நீங்கதான் இந்த எடத்த ஆரம்பத்துலேருந்து பார்த்தவரு. நீங்களே போட்டுடுங்களேன்."

பேனாவை வாங்கினேன். மேலே எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தேன். அதில் தப்பு எதுவும் இல்லை. போட்டேன்.